பல் காப்பீடு எடுப்பதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல் டாக்டரும் இல்லை, காப்பீடு விற்பவரும் இல்லை. வீட்டில் ஐந்து பேருக்குப் பல வருடமாகப் பல் காப்பீடு தேடி, எடுத்து, கிளெய்ம் போட்டு, சிலவற்றில் பணம் வாங்கி, சிலவற்றில் "இது பாலிசியில் வராது" என்ற கடிதம் வாங்கித் தெரிந்துகொண்டவைதான் இவை. தெரிந்தவர்கள் யாராவது பாலிசி எடுக்கப் போகும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை அவர்கள் கேட்கும் விதத்திலேயே போட்டிருக்கிறேன். நாட்டுக்கு நாடு சட்டமும் பெயர்களும் மாறும். பாலிசிக்குள் இருக்கும் எலும்புக்கூடு பெரும்பாலும் ஒன்றுதான்.

மருத்துவக் காப்பீடு ஏற்கனவே இருக்கிறது. பல்லுக்குத் தனியாக வேண்டுமா?

முதலில் அந்தப் பாலிசியை எடுத்துப் "பல்" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலான மருத்துவப் பாலிசிகள் வழக்கமான பல் சிகிச்சையை, அதாவது சொத்தை அடைப்பது, ரூட் கேனால் (பல்லின் உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது), கேப் போடுவது (பல்லின் மேல் கவசம் மாட்டுவது), பல் கட்டுவது போன்றவற்றைக் கைகழுவிவிடும். விபத்தில் பல் உடைந்தால், தாடை எலும்பு முறிந்தால், வாயில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும் பல பாலிசிகளில் பணம் உண்டு. எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை அறுத்து எடுப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் விஷயம், சில இடங்களில் மருத்துவப் பாலிசி தரும், சில இடங்களில் பல் பாலிசி தரும், இரண்டுமே ஒருவரை ஒருவர் கைகாட்டும் இடங்களும் உண்டு.

வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்பீடு இருந்தால் அதில் பல் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தெரியாமலே இரண்டு நிறுவனங்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பல் காப்பீடும் மருத்துவக் காப்பீடு மாதிரிதானே வேலை செய்யும்?

இல்லை. இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருத்துவக் காப்பீட்டை நாம் எதற்காக எடுக்கிறோம்? நினைத்துப் பார்க்க முடியாத பெரிய செலவு வந்தால் குடும்பம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. சின்னச் செலவை நாம் பார்த்துக்கொள்வோம், பெரியதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பல் காப்பீடு கிட்டத்தட்ட இதற்குத் தலைகீழ். பரிசோதனை, கிளீனிங் போன்ற சின்னச் செலவை முழுவதும் தருவார்கள், செலவு பெரிதாக ஆக ஆக அவர்கள் பங்கு குறையும், வருடத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பைத் தொட்டவுடன் மொத்தமாக நின்றுவிடும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு காசும் நம்முடையது.

ஏன் இப்படி? வீட்டில் தீப்பிடிப்பது போலத் திடீரென்று வருவது அல்ல பல் பிரச்சினை. பெரும்பாலும் மெதுவாக வளரும், வரப்போவது முன்கூட்டியே தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய் நோய் இருக்கிறது. இத்தனை பேருக்கு வரும் ஒன்றுக்கு வரம்பே இல்லாமல் பணம் தருகிறேன் என்று ஒரு நிறுவனம் சொன்னால் பிரீமியம் நாம் கட்ட முடியாத உயரத்துக்குப் போய்விடும். அதனால் வரம்பு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. அது இருப்பது தெரியாமல் எடுப்பதுதான் தவறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பணம் எதுவாக இருந்தாலும் சரி, இவை வெறும் எண்கள். வருடப் பிரீமியம் 400, உச்சவரம்பு 1,000, முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிள் 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால் 900, அதன் மேல் கேப் 1,100, மொத்தம் 2,000 ஆகிறது. ரூட் கேனாலுக்கு 80 சதவீதம், கேப்புக்கு 50 சதவீதம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். 900இல் டிடக்டிபிள் 100 போக மீதி 800, அதில் 80 சதவீதம் 640. கேப்பில் பாதி 550. கூட்டினால் 1,190 வர வேண்டும். ஆனால் வரம்பு 1,000 என்பதால் 1,000தான் வரும். பிரீமியத்தைக் கழித்தால் நமக்கு மிச்சம் 600.

அடுத்த வருடம் ஒன்றுமே இல்லை, இரண்டு கிளீனிங், ஒரு எக்ஸ்ரே, அவற்றின் மதிப்பு 250 என்று வைத்தால், 400 கட்டி 250 வாங்கியிருக்கிறோம். 150 நஷ்டம். இப்படி நாலைந்து வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு பாலிசியின் உண்மையான முகம் தெரியும்.

அப்படியென்றால் எடுக்கவே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். கையில் காசு கொடுத்துப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் "வலிக்கும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் நம்மில் அதிகம். ஏற்கனவே பணம் கட்டியாகிவிட்டது, வருடத்துக்கு இரண்டு முறை இலவசம் என்றால் போய்விடுவார்கள். அங்கே சின்னச் சொத்தையாக இருக்கும்போதே கண்டுபிடித்து அடைத்துவிட்டால், அதே பல்லுக்குப் பின்னால் வரக்கூடிய ரூட் கேனாலும் கேப்பும் தப்புகிறது. சொத்தை பல்லின் மேல் பூச்சில் இருக்கும்போது வலிக்காது. உள்ளே நரம்பை நெருங்கும்போதுதான் பெரும்பாலும் வலிக்கும், அப்போது செலவு பல மடங்காகியிருக்கும். என் வீட்டில் பாலிசி தந்த பெரிய லாபம் இந்தப் பழக்கம்தான், கிளெய்ம் பணம் அதற்கு அடுத்ததுதான்.

ஆனால் நீங்கள் எப்படியும் ஒழுங்காக டாக்டரிடம் போகிறவர், பல்லும் நன்றாக இருக்கிறது, மாதாமாதம் பிரீமியம் அளவுக்கு ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்து அதில் கை வைக்காமல் இருக்க முடியும் என்றால், பாலிசி இல்லாமலே சமாளிக்கலாம். உங்கள் சேமிப்புக்குக் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்தபின் பணம் தரத் தொடங்கும் வரை காக்க வேண்டிய காலம்) கிடையாது, எந்தப் பல்லுக்கும் செல்லும், அந்த வருடம் செலவாகாவிட்டால் அடுத்த வருடத்துக்கும் இருக்கும்.

எடுப்பதற்கு முன் பல் டாக்டரைப் பார்க்க வேண்டுமா, எடுத்த பிறகா?

சிக்கலான கேள்வி. முன்னாடியே பார்த்தால் உங்கள் வாயில் என்ன இருக்கிறது, அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் என்ன செலவு வரும் என்று தெரியும். அது தெரியாமல் பாலிசிகளை ஒப்பிடுவது அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி. மறுபக்கம், சில பாலிசிகளில் ஒரு விதி இருக்கும்: பாலிசி தொடங்கும் முன்பே டாக்டர் பரிந்துரைத்த சிகிச்சை அல்லது ஏற்கனவே தொடங்கிய சிகிச்சைக்குப் பணம் கிடையாது. அப்படிப்பட்ட பாலிசியில், "இந்தப் பல்லுக்கு ரூட் கேனால் தேவை" என்று டாக்டர் எழுதி வைத்துவிட்டால் அந்தப் பல்லுக்கு நீங்கள் ஒன்றும் வாங்க முடியாது.

அதனால் பார்க்காமலே எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். நான் பார்த்துவிட்டே எடுங்கள் என்பேன். தெரிந்ததை மறைத்து எடுத்தால் கிளெய்ம் போடும்போது நிறுவனம் உங்கள் டாக்டரிடம் பழைய குறிப்பும் எக்ஸ்ரேயும் கேட்கும், தேதி அதில் இருக்கும், பாலிசியே ரத்தாகும் அபாயமும் உண்டு. பார்த்துவிட்டு, வர வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, "இந்த நிலையில் உள்ள பற்களுக்கு உங்கள் பாலிசி தருமா" என்று நேராகக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பழைய பிரச்சினைக்கும் காத்திருப்புக் காலம் முடிந்தபின் பணம் தரும் பாலிசிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் தேட வேண்டும்.

காத்திருப்புக் காலம் எவ்வளவு இருக்கும்?

பரிசோதனைக்கும் கிளீனிங்குக்கும் பல இடங்களில் காத்திருப்பே இருக்காது. அடைப்பது, பிடுங்குவது போன்றவற்றுக்குச் சில மாதம், கேப், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் பல்), பல்செட் போன்ற பெரிய வேலைகளுக்குப் பெரும்பாலும் 6 முதல் 12 மாதம், சிலவற்றில் அதற்கும் மேல். வலி வந்த அன்று பாலிசி எடுத்து, கேப் போட்டுக்கொண்டு, அடுத்த மாதம் பாலிசியை விட்டுவிட்டால் நிறுவனம் தாங்காது, அதனால்தான் இது.

"காத்திருப்பே இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். அப்படிப்பட்ட பாலிசிகளில் முதல் வருட உச்சவரம்பு குறைவாகவும், இரண்டாம் மூன்றாம் வருடத்தில் படிப்படியாக ஏறுவதாகவும் இருக்கும். அல்லது முதல் வருடம் கேப்புக்கு 50க்குப் பதில் 20 சதவீதம் என்று இருக்கும். காத்திருக்க வைப்பதை வேறு பெயரில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏற்கனவே வேறொரு பல் பாலிசி இடைவெளி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கான சான்றைக் காட்டினால் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யும் நிறுவனங்களும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

100-80-50 என்கிறார்களே, அது என்ன?

சிகிச்சைகளை மூன்று கூடையாகப் பிரித்து, தடுப்பு வேலைகளுக்கு 100 சதவீதம், சாதாரண வேலைகளுக்கு 80, பெரிய வேலைகளுக்கு 50 என்று தருவது. பரவலாக இருக்கும் அமைப்பு இது.

பார்க்க வேண்டியது சதவீதத்தை மட்டும் இல்லை, எந்த வேலை எந்தக் கூடையில் கிடக்கிறது என்பதை. ரூட் கேனாலை ஒரு பாலிசி சாதாரண வேலையில் வைத்து 80 தரும், இன்னொன்று பெரிய வேலையில் வைத்து 50 தரும். இரண்டுமே 100-80-50தான்! ஈறுக்கு அடியில் வேர் வரை போய்ச் சுத்தம் செய்வதும் அப்படித்தான். நீங்கள் கிளீனிங் என்று நினைத்துக்கொண்டு போவீர்கள், ஈறு பல்லை விட்டு விலகியிருக்கிறது, ஆழ்ந்த சுத்தம் தேவை என்று டாக்டர் சொல்வார், பில்லில் அது வேறு கூடையில் விழும். ஈறு நன்றாக இருப்பவர்களுக்கு அந்த இடைவெளி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதைவிட ஆழமாக இருப்பதைக் காட்டும் அளவுக் குறிப்பும் எக்ஸ்ரேயும் இல்லாமல் பல நிறுவனங்கள் இதற்குப் பணம் தருவதில்லை.

இன்னொன்று, 80 சதவீதம் என்பது எதில் 80? டாக்டர் போட்ட பில்லில் என்று நினைத்துக்கொள்வோம். பாலிசியில் அது "அனுமதிக்கப்பட்ட கட்டணத்தில்" என்று இருக்கும். டாக்டர் 300 வாங்குகிறார், அவர்கள் பட்டியலில் அந்த வேலைக்கு 200 என்று இருந்தால் 160தான் வரும், மீதி 140 உங்களுடையது.

உச்சவரம்பைத் தாண்டும் அளவுக்கு வேலை இருந்தால்?

அவசரம் இல்லாத வேலையை இரண்டு பாலிசி வருடங்களாகப் பிரிக்கலாம். மேலே சொன்ன கணக்கில் ரூட் கேனாலை இந்த வருடக் கடைசியிலும் கேப்பை அடுத்த வருடத் தொடக்கத்திலும் செய்தால், முதல் வருடம் 640, அடுத்த வருடம் மறுபடி டிடக்டிபிள் 100 போக மீதி 1,000இல் பாதி 500, ஆக 1,140 வருகிறது. ஒரே வருடத்தில் செய்ததைவிட 140 கூடுதல்.

ஆனால் டாக்டர் ஒப்புக்கொண்டால் மட்டும். ரூட் கேனால் செய்த கடைவாய்ப்பல்லுக்கு மேலே கவசம் இல்லாமல் மாதக் கணக்கில் விட்டால் மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடலாம், பிளந்தால் சில சமயம் பல்லையே எடுக்க வேண்டி வரும். 140க்காகப் பல்லை இழக்காதீர்கள்.

இரண்டு சின்ன விஷயம். பாலிசி வருடம் ஜனவரியில் தொடங்குகிறதா, நீங்கள் சேர்ந்த தேதியிலா என்று பாருங்கள். அப்புறம் கேப்புக்குப் பல்லைச் செதுக்கிய நாளை எடுத்துக்கொள்கிறார்களா, கேப்பை ஒட்டிய நாளையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இடையில் ஒன்றிரண்டு வாரம் இருப்பதால், வருடக் கடைசியில் இது தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளலாம்.

ஏற்கனவே விழுந்துபோன பல்லுக்கு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகாணி பதித்து அதன் மேல் வைக்கும் பல்) வைக்கலாமா?

இதில் நான் சுட்டுக்கொண்டிருக்கிறேன். என் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இம்ப்ளான்டுக்குப் பாதி தருவதாகச் சொன்ன ஒரு பாலிசியைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டு மாதக் காத்திருப்பை ஒழுங்காகக் காத்திருந்து, ஒரு நாள்கூடப் பிரீமியம் தவறாமல் கட்டி, எல்லாம் முடிந்து கிளெய்ம் போட்டபோது, பாலிசி தொடங்கும் முன்பே இல்லாத பல்லுக்கு மாற்றுப் பல் வைப்பது சேராது என்று பதில் வந்தது. பாலிசியில் அது இருந்தது, இருபத்தேழாவது பக்கத்தில். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா "போகட்டும் விடு" என்றார், எனக்குத்தான் பல நாள் மனசு ஆறவில்லை.

இந்த விதி நிறையப் பாலிசிகளில் இருக்கிறது. இம்ப்ளான்ட், பிரிட்ஜ், பல்செட் எல்லாவற்றுக்கும் பொருந்தும். உங்கள் வாயில் ஏற்கனவே ஓர் இடைவெளி இருந்து அதை நிரப்பத்தான் பாலிசி என்றால், மற்ற எதையும் பார்க்கும் முன் "பாலிசிக்கு முன் இழந்த பல்" பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். அது இல்லாத பாலிசி கிடைக்கும், பிரீமியம் கூடுதலாக இருக்கும், சில இடங்களில் எத்தனை பல் இல்லை என்று விண்ணப்பத்திலேயே கேட்டு அதற்கேற்ப விலை சொல்வார்கள். அது நேர்மையான முறை.

பல் நிறத்திலேயே அடைக்கச் சொன்னேன், பாதிப் பணம்தான் வந்தது. ஏன்?

மலிவான மாற்றுச் சிகிச்சை என்ற விதி. ஒரே பிரச்சினைக்கு இரண்டு வழி இருந்தால், மலிவான வழிக்கு ஆகும் அளவுக்குத்தான் பணம் தருவார்கள், வித்தியாசம் உங்கள் தலையில். பின்பற்களில் பல் நிற அடைப்புக்கு வெள்ளிநிற அடைப்பின் விலையைத் தருவது, இம்ப்ளான்டுக்குப் பிரிட்ஜ் அல்லது பல்செட்டின் விலையைத் தருவது, பீங்கான் கேப்புக்கு உலோகக் கேப்பின் விலையைத் தருவது இப்படித்தான். சிகிச்சையை அவர்கள் மறுக்கவில்லை, விலையைக் குறைக்கிறார்கள், அதனால் முன்கூட்டிக் கேட்டால் "ஆமாம், இம்ப்ளான்ட் உண்டு" என்றுதான் பதில் வரும். "எந்த விலையில்?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

இதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும்: ஒரு பல்லுக்குக் கேப் போட்டால் அதே பல்லுக்கு மறுபடி 5 வருடம், சிலவற்றில் 7 அல்லது 10 வருடம் கழித்துத்தான் பணம். கிளீனிங்கும் அப்படியே, "வருடத்துக்கு இரண்டு" என்பதும் "ஆறு மாதத்துக்கு ஒன்று" என்பதும் வேறு. இரண்டாவது வகையில் ஐந்து மாதம் இருபத்தெட்டு நாளில் போனால் கிளெய்ம் திரும்பி வந்துவிடும்.

நெட்வொர்க்கில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டுமா?

நெட்வொர்க் என்பது நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களின் பட்டியல். அவர்களிடம்தான் போக வேண்டுமா என்பது பாலிசியின் வகையைப் பொறுத்தது. ஒரு வகையில் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம், பில்லைக் கட்டிவிட்டு அப்புறம் பணம் வாங்கிக்கொள்ளலாம், பிரீமியம் அதிகம். இன்னொன்றில் நெட்வொர்க்குக்கு உள்ளே போனால் கட்டணம் ஒப்பந்தப்படி குறைவு, வெளியே போனாலும் கொஞ்சம் தருவார்கள். மூன்றாவது வகையில் அவர்கள் பட்டியலில் இருக்கும் ஒரே கிளினிக்கைத் தேர்ந்தெடுத்து அங்கேதான் போக வேண்டும், வெளியே போனால் அவசரத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. பிரீமியம் குறைவு, பல சமயம் உச்சவரம்பும் இருக்காது. இந்த மூன்றாவதில் கிளினிக்குக்கு ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை போகும், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அதேதான். அதனால் நல்ல கிளினிக் கிடைத்தால் அருமையான ஏற்பாடு, கிடைக்காவிட்டால் தேதிக்காக வாரக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டியிருக்கும்.

பத்து வருடமாக உங்கள் பல்லைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தால், அவரை விட்டு மலிவான பாலிசிக்குப் போகாதீர்கள் என்பது என் கருத்து. முதலில் அவருடைய கிளினிக்குக்கு போன் செய்து எந்தெந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது, எவர்களிடமிருந்து பணம் சிக்கலில்லாமல் வருகிறது என்று கேளுங்கள். வரவேற்பில் உட்கார்ந்து தினமும் கிளெய்ம் அனுப்புகிறவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. இணையத்தில் இருக்கும் டாக்டர் பட்டியலை நம்ப வேண்டாம், எப்போதோ விலகியவர் பெயரெல்லாம் அதில் கிடக்கும்.

தள்ளுபடி அட்டை விற்கிறார்களே, அதுவும் காப்பீடுதானா?

இல்லை. வருடச் சந்தா கட்டினால் குறிப்பிட்ட கிளினிக்குகளில் கட்டணம் குறையும், அவ்வளவுதான். யாரும் உங்களுக்காகப் பில் கட்டப்போவதில்லை. ஆனால் காத்திருப்பு இல்லை, வரம்பு இல்லை, உடனே பெரிய வேலை செய்ய வேண்டியவருக்குச் சில சமயம் இதுதான் உபயோகம். காப்பீடு என்ற பெயரில் இதை விற்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளைக்குக் கிளிப் போட வேண்டியிருக்கும் போல. என்ன பார்க்க வேண்டும்?

பல் வரிசையைச் சீராக்குவது பெரும்பாலும் தனிக் கணக்கு. இதற்கு வருட வரம்பு இருக்காது, வாழ்நாள் வரம்பு இருக்கும், ஒரு ஆளுக்கு ஒரே ஒரு தடவை. வயது வரம்பும் இருக்கும், பல பாலிசிகளில் 18 அல்லது 19ஐ ஒட்டி. பெரியவர்களுக்கு வேண்டுமென்றால் தனியாகத் தேட வேண்டும். காத்திருப்பும் இதற்குத்தான் நீளம், ஒரு வருடம் இரண்டு வருடம்கூட.

நிலைப்பற்களில் முதல் கடைவாய்ப்பல் ஆறு வயதை ஒட்டி முளைக்கும், இரண்டாவது பன்னிரண்டை ஒட்டி. பற்களுக்கு இடம் போதாமல் நெருக்குகிறதா என்பதை ஏழெட்டு வயதிலேயே டாக்டரால் ஓரளவு சொல்ல முடியும். அப்போதே கேட்டு வைத்து, தேவைப்படும் என்றால் அப்போதே பாலிசி எடுத்துவிட்டால், கிளிப் போடும் வயதுக்குள் காத்திருப்பு முடிந்திருக்கும்.

பணத்தை ஒரே தடவையாகத் தர மாட்டார்கள், சிகிச்சை நடக்கும் ஒன்றரை இரண்டு வருடத்துக்குப் பிரித்துத் தருவார்கள். நடுவில் பாலிசியை நிறுத்தினால் மீதித் தவணை வராது. வேலை மாறப் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வயதான பெற்றோருக்கு?

அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும், அவர்களுக்குத்தான் அதிகம் மறுக்கப்படும். வயதாக ஆக ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும், அங்கே சொத்தை சீக்கிரம் பிடிக்கும். ரத்த அழுத்தம், மன அழுத்தம் போன்றவற்றுக்கான சில மாத்திரைகளால் எச்சில் வறண்டு அது இன்னும் வேகமாகும். சர்க்கரை இருந்தால் ஈறு நோய் மோசமாகும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கடினமாகும். அதனால் இவர்களுக்கு ஈறு சிகிச்சை, பல்செட், பல்செட்டைச் சரிசெய்வது எந்தக் கூடையில் இருக்கிறது என்று பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வருடத்தில் ஒரு கிளீனிங் கூடுதலாகத் தரும் பாலிசிகள் உண்டு, விளம்பரத்தில் இருக்காது, பலன் பட்டியலில் இருக்கும்.

பல்லை வெள்ளையாக்க?

கிடையாது. அழகுக்காகச் செய்யும் எதுவும் பொதுவாகக் கிடையாது.

இரண்டு பாலிசி இருந்தால் இரண்டிலும் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பில்லுக்கு மேல் வாங்க முடியாது. ஒன்று முதல் பாலிசி, இன்னொன்று இரண்டாவது. முதலாவது 50 தந்தால் மீதியில் இரண்டாவது தரும். ஆனால் சிலவற்றில், "நாங்கள் மட்டும் இருந்திருந்தால் 50 தந்திருப்போம், அதை அவர்களே தந்துவிட்டார்கள், எனவே நாங்கள் தர ஒன்றுமில்லை" என்ற விதி இருக்கும். அப்படியானால் இரண்டாவது பிரீமியம் வீண். அப்பா அம்மா இருவர் பாலிசியிலும் பிள்ளை இருந்தால் எது முதல் பாலிசி? அமெரிக்காவில், வருடத்தில் யாருடைய பிறந்தநாள் முன்னால் வருகிறதோ அவருடையது என்பது வழக்கம். யார் வயதில் மூத்தவர் என்பது கணக்கில் இல்லை.

சிகிச்சைக்கு முன்பே எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், கேப்புக்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் இதைச் செய்யாமல் நாற்காலியில் உட்காராதீர்கள். டாக்டர் சிகிச்சைத் திட்டத்தையும் எக்ஸ்ரேயையும் நிறுவனத்துக்கு அனுப்புவார், எதற்கு எவ்வளவு தருவோம் என்று எழுத்தில் பதில் வரும். சில நாளோ சில வாரமோ ஆகலாம். என் அம்மா விஷயத்தில் இதைச் செய்திருந்தால் வேலை தொடங்கும் முன்பே தெரிந்திருக்கும். வரும் பதில் உறுதிமொழி ஆகாது, நடுவில் வரம்பு தீர்ந்துபோனாலோ பாலிசி நின்றாலோ மாறும். இருந்தாலும் போனில் யாரோ "வரும் சார்" என்று சொன்னதைவிட எவ்வளவோ மேல்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். முதலில் காரணத்தைப் படியுங்கள். நிறையக் கிளெய்ம்கள் அற்பத் தவறால் திரும்பும். பல் எண்ணைத் தவறாகப் போட்டிருப்பார்கள். உலகின் பல நாடுகளில் கீழ் இடது முதல் கடைவாய்ப்பல்லை 36 என்பார்கள், அமெரிக்க முறையில் அதே பல் 19. ஒரு இலக்கம் மாறினாலும் ஆரோக்கியமான பல்லுக்குக் கேப் போட்டது போலத் தெரியும். அதைத் திருத்தி மறுபடி அனுப்பினால் பணம் வந்துவிடும்.

"சிகிச்சை தேவை என்று தெரியவில்லை" என்று வந்தால், சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே, பல்லின் படம், ஏன் தேவைப்பட்டது என்று டாக்டர் எழுதிய நாலு வரி, மூன்றையும் சேர்த்து மேல்முறையீடு செய்யுங்கள், ஒரு பல் டாக்டரே பரிசீலிக்க வேண்டும் என்று கேளுங்கள். கெடு தேதி இருக்கும், தவறவிடாதீர்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் காப்பீட்டை மேற்பார்வை செய்யும் அரசு அமைப்பிடம் புகார் கொடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள், பல நாடுகளில் உண்டு. பேசியது எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

கடைசியில் எந்தப் பாலிசி நல்லது என்று சொல்லிவிடுங்களேன்?

உங்கள் வாயைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. நான் செய்வதைச் சொல்கிறேன். டாக்டர் தந்த வேலைப் பட்டியலை நடுவில் வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் மூன்று பாலிசிகளில் ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலுக்கு மூன்று வருடத்தில் எவ்வளவு தரும், அதே மூன்று வருடத்தில் எவ்வளவு பிரீமியம் வாங்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதுவேன். வருடாவருடம் பிரீமியம் எவ்வளவு ஏறியது என்று நிறுவனத்திடம் கேட்டு அதையும் சேர்ப்பேன். விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, முழுப் பாலிசி ஆவணத்தைக் கேட்டு வாங்கி, விலக்குகள் என்ற பகுதியைத்தான் முதலில் படிப்பேன். தர மறுத்தால் அங்கே எடுக்க மாட்டேன். என் தங்கைக்கு இப்படிப் பார்த்தபோது மூன்றில் மிகவும் விலை கூடிய பாலிசிதான் கடைசியில் மலிவாக வந்தது, அவளுக்கு இரண்டு பல் ஏற்கனவே இல்லாததால்.

எடுத்தாகிவிட்டது. இனி?

தொடங்கிய முதல் மாதமே இலவசப் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிடுங்கள். ரத்து செய்து பணம் திரும்ப வாங்கும் அவகாசம் இருந்தால் அதற்குள் ஆவணத்தை இன்னொரு முறை படியுங்கள். புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்னால் போனில் அலாரம் வையுங்கள், அந்த வருடம் என்ன வாங்கினோம் என்ன கட்டினோம் என்று பார்ப்பதற்கு. வேறு பாலிசிக்கு மாறுவதாக இருந்தால் புதியது தொடங்கிய பிறகே பழையதை நிறுத்துங்கள். நடுவில் ஒரு மாதம் விட்டால்கூடக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கலாம்.